கிளாசிக் 350-இல் இரண்டாவது பெட்ரோல் டேங்க்: லடாக் போக வைக்கலாமா?

கேள்வி | 6 ஏப்ரல் 2025

அண்ணா, என் வண்டி 2016 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் மாடல். ஜூலையில் மணாலி வழியாக லே போகிறோம். வழியில் டான்டி என்ற ஊரின் பங்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று பலகை இருக்கிறதே, அதைப் பார்த்ததிலிருந்து ஒரே கவலை. என் டேங்க் 13.5 லிட்டர். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 10 லிட்டர் டேங்க் ஒன்று வெல்டிங் செய்து வைத்துத் தருகிறேன் என்கிறார் இங்கே பட்டறைக்காரர். வைக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஏப்ரல், இரவு

தம்பி, வெல்டிங்குக்கு முன்னால் ஒரு பேப்பரை எடு.

அந்தப் பலகையில் உள்ள 365 லே நகரம் வரைக்கும் உள்ள தூரம். லேவுக்கு 35 கி.மீ. முன்னாலேயே காருவில் பங்க் இருக்கிறது. ஆக நீ தாண்ட வேண்டியது சுமார் 330. சமவெளியில் உன் வண்டி லிட்டருக்கு 35 கி.மீ. கொடுக்கும் என்று வை. மேலே ஏற்றம், சுமை, இரண்டாவது மூன்றாவது கியரிலேயே போகும் நேரம் எல்லாம் சேர்த்து 27 என்று கணக்குப் போடு. 330 கி.மீ.க்குப் பன்னிரண்டேகால் லிட்டர் வருகிறது. டேங்கில் 13.5 இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் போதும், ஆனால் மலையில் ஒரு லிட்டர் மிச்சத்தை நம்பிப் போக முடியாது. உனக்குத் தேவை 5 லிட்டர் கேன் ஒன்று. 10 லிட்டர் டேங்க் அந்தச் சாலைக்குத் தேவையில்லை.

7 ஏப்ரல்

பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் 27 எல்லாம் வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. 22 என்று வைத்துக்கொண்டாலும் 15 லிட்டர். 13.5-உம் 5-உம் சேர்ந்தால் பதினெட்டரை. அப்போதும் கேன் போதும். ஆள் உட்கார்ந்தால் சீட்டில் டேங்க் வைக்கவே இடமில்லை என்பது தனி விஷயம்.

கார்புரேட்டர் வண்டிக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வழியில் வரும் டாங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த பெட்ரோலையே கொடுத்துக்கொண்டிருக்கும். கலவையில் பெட்ரோல் கூடிக் கொழுத்துப் போய், பிளக் கறுத்து, வண்டி திணறும், மைலேஜும் இறங்கும். சென்சார் வைத்த இன்ஜெக்‌ஷன் வண்டி தானே அளவைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர் சொல்லும் மைலேஜை நீ உன் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

7 ஏப்ரல், மாலை

"அப்படியானால் யாருக்குமே இரண்டாவது டேங்க் வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். லேயிலிருந்து ஹான்லே போய், அங்கிருந்து உம்லிங் லா கணவாய் ஏறித் திரும்பும் சுற்றைப் பாருங்கள். லே முதல் ஹான்லே சுமார் 250 கி.மீ. அங்கிருந்து கணவாய்க்கு ஒரு பக்கம் சுமார் 80. போக வர 660 ஆகிறது. 25 மைலேஜில் 26 லிட்டருக்கு மேல் வேண்டும். நடுவில் கிராமங்களில் வீட்டில் வைத்து விற்பார்கள் என்பதை நம்பிக் கிளம்பக் கூடாது. கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்த மாதிரிச் சுற்றுக்குத்தான் 10, 12 லிட்டர் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதையும் இரண்டு கேனில் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம்.

9 ஏப்ரல்

இரண்டாவது டேங்கை இன்ஜினோடு எப்படி இணைப்பது என்று நேற்று நிறையப் பேர் கேட்டதால் விரிவாக எழுதுகிறேன். என் பழைய கார்புரேட்டர் புல்லட்டில் பின்சீட்டு இடத்தில் 7 லிட்டர் டேங்க் ஒன்று வைத்து ஓட்டியிருக்கிறேன். சொல்வது அந்த அனுபவத்திலிருந்து.

கார்புரேட்டர் வண்டிக்கு ஆகச் சுலபமான வழி டி-ஜாயின்ட். பெரிய டேங்கின் காக்கிலிருந்து (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) ஒரு ஹோஸ், சின்ன டேங்கின் காக்கிலிருந்து ஒரு ஹோஸ், இரண்டும் டி-யில் சேர்ந்து கார்புரேட்டருக்குப் போகும். பம்ப் கிடையாது, கரன்ட் கிடையாது, எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும் பாய்ச்சல். கேட்க எளிமை. இரண்டு சிக்கல்கள் அதற்குள் இருக்கின்றன.

முதலாவது, இரண்டு காக்கையும் ஒரே நேரத்தில் திறந்தால் மட்டம் உயர்ந்த டேங்கிலிருந்து தாழ்ந்த டேங்குக்கு டி வழியாகவே பெட்ரோல் போகும். பெரிய டேங்க் உயரத்தில் இருக்கிறது. பின்னால் இருக்கும் சின்ன டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதன் காற்றுக்குழாய் வழியாகப் பெட்ரோல் வெளியே ஒழுகும். கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது. ஆகவே ஒரு காக் திறந்தால் மற்றது மூடியே இருக்க வேண்டும். நடுவில் ஒருவழி வால்வு போடலாம், ஆனால் இவ்வளவு மெல்லிய பாய்ச்சலில் சில வால்வுகள் திறக்கவே திறக்காது. வாங்கும்போது வாயால் ஊதிப் பாருங்கள், லேசாக ஊதினாலே வழிவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கலைப் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பட்டறைத் தரை சமமாக இருக்கிறது. பின்சீட்டு டேங்கின் அடிப்பாகம் கார்புரேட்டரைவிட அதிக உயரமில்லை, சில அங்குலம்தான். டேங்க் கார்புரேட்டருக்கு 70 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் வண்டி நிமிர்ந்தால் அந்த டேங்க் 7 செ.மீ. கீழே போய்விடும். பாதி காலியான டேங்க் என்றால் பாய்ச்சல் நின்றுபோகும். எனக்கு இது கொல்லிமலையில்தான் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சின்ன டேங்கைக் குலுக்கினால் உள்ளே சலசலவென்று பெட்ரோல் இருக்கிறது, ஹோஸைப் பிடுங்கினால் ஒரு சொட்டு வரவில்லை. வண்டியைத் திருப்பி இறக்கத்தில் நிறுத்தினேன், அதே ஹோஸிலிருந்து குபுகுபுவென்று வந்தது. லடாக்கில் காட்டா லூப்ஸ் 21 வளைவு, எல்லாம் ஏற்றம். அங்கே இந்த இணைப்பு கைகொடுக்காது.

9 ஏப்ரல், இரவு

அதனால் என் முடிவு இது: எந்த வண்டியானாலும் சின்ன டேங்கிலிருந்து நேராக இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்காதீர்கள். பெரிய டேங்குக்கு மாற்றுங்கள். இன்ஜின் எப்போதும் கம்பெனி டேங்கிலிருந்தே குடிக்கட்டும்.

12 ஏப்ரல்

புதிய புகை விதிப்படி செய்த பி.எஸ். 6 ஹிமாலயன் பைக் வைத்திருக்கும் ஒரு நண்பர் ஹோஸை எங்கே வெட்டி இணைப்பது என்று கேட்டிருக்கிறார். எங்கேயும் வெட்டாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த ஹோஸில் கடையில் கிடைக்கும் சாதாரண டி-யைச் செருகிக் கிளாம்ப் போட்டால் ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். சூடான இன்ஜின்மேல் பீய்ச்சினால் வண்டியும் போகும், ஆளும் போவான்.

அதே போல டேங்க் மூடிப் பக்கத்திலிருந்து இறங்கும் மெல்லிய ஹோஸ், காற்றுக்குழாய்தானே என்று அதில் பெட்ரோலை ஏற்றுகிறார்கள் சிலர். பி.எஸ். 6 வண்டியில் அது கரி அடைத்த கானிஸ்டருக்குப் போகிறது. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைத்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதில் பெட்ரோலே நுழைந்தால் கரி ஊறிப்போய் வேலைக்காகாது.

ஹிமாலயன் 411-க்கு 15 லிட்டர் டேங்க், 450-க்கு 17. டேங்கின் இரு பக்கமும் கேன் மாட்ட இரும்புச் சட்டம் 411-இல் கம்பெனியிலேயே வருகிறது. மணாலி–லேவுக்கு உங்களுக்கு இரண்டாவது டேங்கே தேவைப்படாது.

13 ஏப்ரல்

பின் டேங்கிலிருந்து பெரிய டேங்குக்குப் பெட்ரோலை மாற்றும் முறைகளைப் பற்றி.

பெரிய டேங்கின் மூடியை முழுக்க அடைத்துவிட்டு, அதில் ஒரு குழாய் வைத்து, பின் டேங்கிலிருந்து உறிஞ்ச வைக்கும் முறை ஒன்று உண்டு. பெரிய டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பின் டேங்கிலிருப்பதை இழுத்துக்கொள்ளும். பம்ப் இல்லாமல் வேலை செய்வது அழகுதான். ஆனால் மூடியின் ரப்பர் கொஞ்சம் காற்று விட்டாலும் இழுக்காது. ஹோஸ் மடங்கிக்கொண்டால் வெற்றிடம் ஏறி இன்ஜின் பட்டினியில் நின்றுவிடும். இன்னொரு ஆபத்து, பின் டேங்கின் மட்டம் மேலே இருக்கும்போது காக்கை மூடாமல் பெரிய டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் பொங்கி மடியில் ஊற்றும். பங்கில் அவசரத்தில் நிற்கும்போது காக்கை மூட யாருக்கு ஞாபகம் வரும்? எனக்கு இந்த முறையில் விருப்பமில்லை.

12 வோல்ட் குறைந்த அழுத்த பம்ப் வைத்து மாற்றுவதுதான் நீண்ட தூரக்காரர்கள் பலர் செய்வது. தனி ஃபியூஸ், தனி ஸ்விட்ச், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர். இதில் உள்ள ஒரே பெரிய ஆபத்து, ஸ்விட்சை அணைக்க மறந்து பெரிய டேங்க் நிரம்பி வழிவது. அதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி: பின் டேங்க் முழுக்கக் காலியானாலும் பெரிய டேங்கில் இடம் இருக்கும்போது மட்டும் ஸ்விட்ச் போட வேண்டும். பின் டேங்க் 7 லிட்டர் என்றால், பெரிய டேங்கில் 8 லிட்டர் செலவாகும் வரை தொடக் கூடாது. ட்ரிப் மீட்டரைப் பார்த்து 25 மைலேஜில் 200 கி.மீ. ஆனதும் போடு. அப்புறம் நீ மறந்தாலும் வழியாது.

13 ஏப்ரல், சிறு சேர்க்கை

அதே நேரம் ரிசர்வ் வரும்வரையும் காத்திருக்காதே. பெரிய டேங்கில் பாதிக்குக் கீழே போனதும் மாற்று. பம்ப் வேலை செய்யவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும், திரும்பிப் போகவோ வேறு வழி பார்க்கவோ கையில் 5 லிட்டர் இருக்கும். கடைசிச் சொட்டு வரை ஓட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டு, பம்ப் சத்தம் வரவில்லை என்றால், லே சாலையில் சர்ச்சுவுக்கும் பாங் என்ற ஊருக்கும் நடுவில் லாரி வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

19 ஏப்ரல்

எடையை யாருமே பேசவில்லை. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 740 கிராம். 10 லிட்டர் ஏழரை கிலோ, இரும்பு டேங்கும் தாங்கியும் சேர்ந்தால் பத்து கிலோவைத் தாண்டும். பத்து கிலோ பெரிதில்லை, அது எங்கே உட்காருகிறது என்பதுதான் விஷயம். பின்சக்கர அச்சுக்கு முன்னால், சீட்டின் மட்டத்தில் இருந்தால் வண்டிக்குத் தெரியாது. கேரியரில், பின்விளக்குக்கு மேலே தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். மோரே சமவெளியில் சாலையை விட்டு மணலில் இறங்கும்போதும் நீரோடையில் கூழாங்கல்மேல் ஏறும்போதும் ஹேண்டில் நீ சொல்வதைக் கேட்காது.

உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்க் என்றால் பாதி காலியானதும் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் முன்னும் பின்னும் அடிக்கும். வளைவில் சாய்க்கும்போது கொஞ்சம் தாமதித்து ஒரு தள்ளு வரும். வெல்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "உள்ளே தகடு வைப்பீர்களா?" என்பதே.

20 ஏப்ரல்

புதுப்பேட்டையில் பழைய ஸ்கூட்டர் டேங்க் மலிவாகக் கிடைக்கிறது, அதையே வெட்டி ஒட்டி வைக்கலாமா என்று கேள்வி. பழைய டேங்கில் வெல்டிங் வைப்பதற்கு முன்னால் நூறு முறை யோசியுங்கள். பெட்ரோல் இல்லை என்று நினைக்கும் டேங்கில்தான் ஆவி இருக்கும், நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெல்டிங் வைக்கும் இடம் தவிர மீதியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் தெரிந்த வெல்டர்கள் கை வைப்பார்கள். அதைச் செய்யாத பட்டறையில் வாசலில்கூட நிற்காதீர்கள். புதுத் தகட்டில் புதிதாகச் செய்வதே மேல். அலுமினியம் என்றால் ஆர்கான் வெல்டிங். முடிந்ததும் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபைபர் டேங்க் வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் சாதாரண ஃபைபர் ரெசினை மெல்ல மெல்ல மென்மையாக்கும், கரைந்த பிசின் கார்புரேட்டர் ஜெட்டில் போய் ஒட்டும். ஹோஸுக்கும் இதே கதைதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பர் இருக்க வேண்டும் என்று விதி. தம்பி, உன்னுடையது 2016. டேங்க் வைக்கிறாயோ இல்லையோ, பெட்ரோல் ஹோஸை இந்தப் பயணத்துக்கு முன் மாற்றிவிடு. கடையில் வைட்டான் ஹோஸ் என்று கேள், விலை கூடத்தான், ஆனாலும் வாங்கு.

எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு, லிட்டருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜிலும் கொஞ்சம் அடிபடும். நான் 35 சொல்லாமல் 27 சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

26 ஏப்ரல்

வண்டியை இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா என்று ஒருவர் காரமாக எழுதியிருந்தார், அவர் கவலை சரியானது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரமும் கம்பெனி கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிரந்தரமாக வெல்டிங் வைத்த டேங்க் இதில் மாட்டலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை, ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் அந்த டேங்கைக் காட்டியே கை விரிக்க வாய்ப்பிருக்கிறது. போல்ட்டில் மாட்டிக் கழற்றும் அமைப்பானாலும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேனில் கொண்டுபோவதற்கு 1934 பெட்ரோலியச் சட்டமே வழிவிடுகிறது. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. ஆனால் இறுக மூடிய பாத்திரமாக இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் பங்கில் மறுப்பது சும்மா இல்லை.

3 மே

இந்தக் குறிப்பு கேன் வாங்குகிறவர்களுக்கு. லே பயணத்தில் எங்கள் கூட வந்த ஒருவர் பிளாஸ்டிக் கேனைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தார். பாரலாச்சா கணவாய் தாண்டி இறங்கும்போது பின்னால் வந்த எனக்குப் பெட்ரோல் வாடை அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்திப் பார்த்தால், கேரியர் போல்ட்டின் தலை கேனின் அடியில் ஆட்டத்தில் தேய்த்துத் தேய்த்து ஊசித் துளை போட்டிருந்தது. பையில் இருந்த ஸ்வெட்டர் முழுக்க நனைந்து, சொட்டுகள் சைலன்ஸருக்கு நாலு விரல் தள்ளி விழுந்துகொண்டிருந்தன. கேனின் பக்கங்கள் வேறு பூரி போல உப்பி நின்றன. மூடியை ஒரு திருகு திருப்பியதும் உஸ்ஸென்று வந்த சத்தம் சில நொடி நிற்கவே இல்லை.

உப்புவதற்குக் காரணம் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கே இறுக மூடிய கேனுக்குள் அந்த ஊர்க் காற்றழுத்தம் அப்படியே அடைந்திருக்கும். டாங்லாங் லாவில் வெளியே அழுத்தம் அதில் மூன்றில் இரண்டு பங்குதான், உள்ளிருப்பது வெளியே தள்ளும். வெயில் பட்டால் இன்னும் மோசம். அதனால் கேனை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், பத்தில் ஒரு பங்காவது காற்றுக்கு விடுங்கள். ராணுவக் கேன் என்று விற்கிறார்களே, பக்கத்தில் எக்ஸ் போல அழுத்தம் இருக்கும் இரும்புக் கேன், அது இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மன் ராணுவத்துக்குச் செய்த வடிவம். கைப்பிடிக்குப் பக்கத்தில் காற்று தங்கும் மேடு அதில் வடிவத்திலேயே இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். கணவாய் உச்சியில் நிற்கும்போது மூடியை மெதுவாகத் திருப்பிக் காற்றை விட்டுவிட்டு மறுபடி மூடுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் வையுங்கள். நாசில் கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். உரசலில் ஏறும் மின்சாரம் தரைக்கு இறங்க அதுதான் வழி.

4 மே

பெரிய டேங்க் ஆசை தப்பா என்று ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தப்பே இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. பாரிஸ்–டாக்கார் ராலி ஓடிய காலத்தில் பி.எம்.டபிள்யூ. ஆர்80 ஜி/எஸ் வண்டிக்கு 32 லிட்டர் டேங்கோடு தனி மாடலே விற்றார்கள். அமெரிக்காவில் 11 நாள் அயர்ன் பட் ராலி என்ற நீண்ட தூர பைக் போட்டியில் பின்சீட்டு டேங்க் சாதாரணம், மொத்தக் கொள்ளளவு 11.5 அமெரிக்க காலனைத் தாண்டக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம் அளவில் 43.5 லிட்டர். அவர்களுக்குப் பங்கில் நிற்கும் பத்து நிமிஷமும் கணக்கு. அங்கே அந்த டேங்குக்கு வேலை இருக்கிறது. நம் ஊரிலிருந்து லே போகிறவருக்கு அந்த அவசரம் கிடையாது, வழியெல்லாம் நின்று பார்க்கத்தானே போகிறோம்.

22 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி டேங்க் திட்டத்தை விட்டுவிட்டு 5 லிட்டர் இரும்புக் கேன் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறான். கேனுக்கு அடியில் பழைய டியூபை வெட்டி இரண்டு மடிப்பாகப் போடு, போல்ட் தலை எதுவும் கேனைத் தொடக் கூடாது. கயிறு வேண்டாம், பக்கிள் வைத்த ஸ்ட்ராப் இரண்டு. சைலன்ஸர் இல்லாத பக்கம் கட்டு.

கேனில் உள்ளதைக் கடைசிக்கு என்று வைக்காதே. டான்டியில் டேங்கை நிரப்பி, நூற்றைம்பது, இருநூறு கி.மீ. ஆனதும் இன்ஜினை அணைத்து, சூடு தணிந்த பிறகு டேங்கில் ஊற்றிவிடு. பாங் ஊரில் டீ குடிக்க நிற்கும்போது செய்தால் சரியாக இருக்கும். பின்னால் இருக்கும் எடையும் போய்விடும், அடுத்த ஏற்றத்துக்கு முன்னால் வண்டி இலகுவாகும். ஊற்ற ஃபில்டர் வலை வைத்த புனல் ஒன்று கொண்டுபோ.

23 ஜூன்

வண்டியை டெல்லி வரை ரயிலில் அனுப்பப் போகிறீர்கள் என்றால், பார்சல் அலுவலகத்தில் டேங்கைக் காலி செய்யச் சொல்வார்கள். கேனில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, ரயிலில் பெட்ரோலே ஏற்றக் கூடாது. ஸ்டேஷனுக்குப் போகும் அன்றைக்கு அரை லிட்டர் மட்டும் இருக்கும்படி ஓட்டிக்கொண்டு போ. கேனைப் புதிதாக, பெட்ரோலே ஊற்றாமல் கொண்டுபோய் மணாலியில் முதன்முறை நிரப்பு. திரும்பும்போது மூடியைத் திறந்து வெயிலில் ஒருநாள் முழுக்க வைத்து, வாடை போன பிறகு பையில் போடு.

டான்டி பங்கில் நிரப்பியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. காருவில் மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, கேனிலிருந்து எத்தனை ஊற்றினாய் என்று இங்கே வந்து எழுது. கார்புரேட்டர் கிளாசிக்கின் நிஜ மைலேஜ் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.